ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் ஒரு வாரம்: புதிய பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி விட்டதும் வாசலில் தினமும் ஒரே உரையாடல்தான். "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று அம்மா கேட்பார். "ஒன்றும் இல்லை, விளையாடினோம்" என்று பிள்ளை சொல்லும். உடனே அம்மாவின் பார்வை என் பக்கம் திரும்பும்.

நான் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை செய்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் மூன்றும் என் அறையில் இருக்கின்றன. பிள்ளை சொன்னது பொய்யில்லை. அன்று காலை புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்து, எந்தக் குழு முதலில் முடிக்கிறது என்று விளையாடியிருப்பான். அதற்கு இடமதிப்பு என்று பெயர் இருப்பது அவனுக்குத் தெரியாது. உங்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளியில் முதன்முறையாகப் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு நாளின் பதிலை வைத்துப் பிள்ளையின் படிப்பை அளக்காதீர்கள். ஒரு வாரத்தைப் பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம்தான்.

முதல் படி: ஆசிரியரிடம் ஐந்து விஷயங்களைச் சொல்லுங்கள்

சேர்க்கைப் படிவத்தில் பிறந்த தேதி, ஆதார் எண், முகவரி எல்லாம் இருக்கும். எனக்கு வேண்டியவை அதில் இருக்காது. வீட்டில் பிள்ளையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்? கண், காது, உடம்பில் ஏதாவது குறை உண்டா? எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது? மாலையில் யார் வந்து அழைத்துப் போவார்கள்? வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்?

கடைசிக் கேள்வியை நான் சில ஆண்டுகள் கேட்காமலே விட்டிருக்கிறேன். அப்படி ஓராண்டு வந்த பையன் ஒருவன் மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. ஒருநாள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு "நீள்ளு, நீள்ளு" என்றான். எதையோ நீளமாக இருக்கிறது என்று சொல்கிறான் என்று நினைத்தேன். தண்ணீர் கேட்டிருக்கிறான். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை. ஊரில் எல்லோரிடமும் தமிழ் பேசும் குடும்பம் என்பதால் எனக்குத் தெரியவே இல்லை. இன்று இந்தியும் ஒடியாவும் பேசும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் நம் பள்ளிகளுக்கு வருகிறார்கள். முதல் நாளே சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளைக்கு நான் பேசும் வேகமே வேறாக இருக்கும்.

சொல்லக் கூடாதது ஒன்றும் உண்டு. "கண்ணை மட்டும் விட்டுவிட்டு அடித்துத் தோலை உரியுங்கள்" என்று பாசத்தோடு சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பக்கத்தில் நின்று அதைக் கேட்ட பிள்ளை வகுப்புக்குள் வரும்போதே என்னைப் பார்த்துப் பயப்படும். பயந்த பிள்ளை வாய் திறந்து படிப்பதில்லை.

இரண்டாம் படி: நாளின் ஓட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நாள் காலை உணவில் தொடங்குகிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்றாக, காய்கறி சாம்பாரோடு கிடைக்கும். பாடவேளை தொடங்குவதற்கு முன்பே பரிமாறி முடித்துவிடுவார்கள். மணி அடிக்கும் நேரத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டால் சாப்பாடு தவறிவிடும். கிழமைப் பட்டியலை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். நாளைக்கு என்ன சாப்பாடு என்று தெரிந்த பிள்ளை காலையில் சீக்கிரம் கிளம்புகிறது. இதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

பிறகு காலை வழிபாடு. தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு திருக்குறள், அன்றைய செய்தி. பெரிய வகுப்புப் பிள்ளைகள்தான் நடத்துவார்கள். ஒன்றாம் வகுப்புக்கு இது கூட்டத்தில் நேராக நிற்கப் பழகும் நேரம், அவ்வளவுதான்.

நண்பகலில் சத்துணவு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மாத்திரை கொடுப்பார்கள். அன்று பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆசிரியரிடம் தெரிவியுங்கள். இன்னொரு நாளில் கொடுக்கலாம்.

மூன்றாம் படி: அரும்பு, மொட்டு, மலர் என்றால் என்ன என்று கேளுங்கள்

கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கு மேல் பள்ளியையே பார்க்காத பிள்ளைகள் நேராக இரண்டாம், மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் பலருக்கு எழுத்தே தெரியவில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது.

இதில் பிள்ளைகளை வகுப்பை மட்டும் வைத்துப் பிரிப்பதில்லை. இப்போது எந்த நிலையில் படிக்கிறார்கள் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று குழுக்களாக உட்கார வைக்கிறோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எப்படியும் அரும்பில்தான் இருக்கும். மூன்றாம் வகுப்பில் இருக்கும் அக்காவோ அண்ணனோ அரும்புக் குழுவில் உட்கார்ந்திருந்தால் வீட்டில் சண்டை வருகிறது. "தம்பியோடு சேர்த்து உட்கார வைத்துவிட்டீர்களே" என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கவே தடுமாறும் பிள்ளையிடம் ஒரு பக்கக் கதையைக் கொடுத்தால், அது புத்தகத்தைப் பார்த்தபடி வாயை மட்டும் அசைக்கும். அதைவிட இரண்டு மாதம் அரும்பில் இருந்து எழுத்தைப் பிடித்துக்கொண்டு மேலே வருவது நல்லது. தயவுசெய்து வீட்டில் இந்தப் பெயர்களைப் பட்டமாகச் சூட்டாதீர்கள்.

வகுப்புக்குள் வந்தால் வரிசையாக டெஸ்க் இருக்காது. வட்டமாக உட்கார்ந்திருப்போம். ஒரு மூலையில் கதைப் புத்தகங்கள் கயிற்றில் தொங்கும், இன்னொரு மூலையில் பொம்மைகளும் முகமூடிகளும் இருக்கும். நானும் கீழேதான் உட்கார்ந்திருப்பேன்.

நான்காம் படி: இந்த வாரத்தின் எழுத்துகள் எவை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. நிதானமாகச் சொல்கிறேன்.

தமிழில் 247 எழுத்துகள். மொத்தத்தையும் அ முதல் வரிசையாக மனப்பாடம் செய்ய வைப்பதுதான் படிப்பு என்று நாம் வளர்ந்தோம். அதனால் ஜூலையில் பிள்ளைக்கு 'ங' தெரியவில்லை என்றால் வீட்டில் பதறுகிறார்கள். வகுப்பில் எழுத்துகள் அரிச்சுவடி வரிசையில் வர வேண்டும் என்பதில்லை. ட, ப, ம போன்ற எழுத்துகள் பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆனவை. பிஞ்சு விரலுக்கு வசப்படும். அந்த மூன்றும் தெரிந்தால் படம், பட்டம், மடம் என்று உடனே சொற்களைப் படித்துவிடலாம். ஒரு சொல்லைத் தானே படித்துவிட்ட பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். 'ங' வரும் நேரத்தில் வரட்டும்.

திங்கட்கிழமை மாலை ஆசிரியரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த வாரம் என்ன எழுத்து?" பதில் இரண்டு மூன்று எழுத்துகளாக இருக்கும். அந்த எழுத்துகளை அந்த வாரம் முழுவதும் கண்ணில் படும் இடத்திலெல்லாம் தேடச் சொல்லுங்கள். பஸ்ஸின் ஊர்ப்பலகை, ரேஷன் கடைப் பலகை, மளிகைப் பொட்டலம் சுற்றிவந்த செய்தித்தாள் எதுவானாலும் சரி. நோட்டில் நூறு முறை எழுத வைப்பதைவிட இது பலன் தரும்.

வீட்டில் கற்றுக்கொடுக்கும்போது பெரும்பாலும் நடக்கும் தவறு எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொடுப்பது. பானா, டானா என்று சொல்லிப் பழகிய பிள்ளையிடம் 'படம்' என்ற சொல்லைக் காட்டினால் "பானா, டானா, இம்" என்று சொல்லிவிட்டு நிற்கும். மூன்று பெயர்களையும் சேர்த்தாலும் 'படம்' வருவதில்லை. ப, ட, ம் என்று ஒலியை மட்டும் சொல்லுங்கள். வேகமாகச் சொன்னால் சொல் தானாக வந்து நிற்கும்.

அடுத்து குறில் நெடில். பால் என்று சொன்னால் பல் என்று எழுதும் பிள்ளை ஒவ்வோர் ஆண்டும் பாதி வகுப்பு இருக்கும். முடி, மூடி, கல், கால், விடு, வீடு. இதற்கு எழுத வைத்துப் பயனில்லை, காது பழக வேண்டும். கைதட்டி விளையாடுங்கள். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குக் கையை நீட்டி இழுப்பது. சோறு ஊட்டும் நேரத்தில் செய்யலாம், நடந்து வரும் வழியில் செய்யலாம். காது பிரித்துக் கேட்கத் தொடங்கிய பிறகு துணைக்காலும் கொம்பும் கையில் தானாக வந்து உட்காரும்.

க என்ற ஓர் எழுத்தைக் கல், பகல், தங்கம் என்ற மூன்று சொற்களிலும் சொல்லிப் பாருங்கள். மூன்றும் மூன்று விதமாக ஒலிக்கின்றன. நமக்குப் பழகிப்போனதால் தெரிவதில்லை, பிள்ளைக்குத் தெரிகிறது. "பகல் என்பதில் 'ஹ' மாதிரி கேட்கிறதே" என்று பிள்ளை கேட்டால் அது குழப்பமில்லை, கூர்மை. "ஆமாம், நடுவில் வந்தால் மெதுவாகச் சொல்லுவோம்" என்று சொன்னால் போதும். ர, ற வேறுபாட்டுக்கும் ன, ண வேறுபாட்டுக்கும் முதல் ஆண்டில் அவசரம் வேண்டாம்.

தாத்தா பாட்டி எழுத்து சொல்லிக்கொடுக்கும் வீடு கொடுத்துவைத்த வீடு. ஆனால் லை, னை, ணா, றா போன்ற எழுத்துகளை அவர்களில் சிலர் இன்னும் பழைய வடிவத்தில் எழுதுவார்கள். 1978இல் நடந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு அவர்கள் பழகியது அது. பிள்ளை யானைத் தும்பிக்கை வைத்த 'லை'யை எழுதிக்கொண்டு வந்தால் எனக்குப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பாடப் புத்தகத்தின் வடிவத்தையே பழக்குங்கள்.

ஐந்தாம் படி: கணக்கைக் கையில் கொடுங்கள்

நூறு வரை ஒப்பிப்பது எண்ணுவது ஆகாது. பிள்ளை கடகடவென்று நூறு வரை சொல்லும். "ஏழு வெங்காயம் எடுத்து வா" என்றால் தடுமாறும். சமையல் வேலைக்கு நடுவில் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். துடைப்பக் குச்சிகளை உடைத்துப் பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டிவைத்தால் இரண்டு ஆண்டுக்கு அது போதும்.

தமிழ் எண்ணுப் பெயர்களில் பிள்ளைகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இருபது, முப்பது, நாற்பது என்று வந்து எண்பது வரை ஒரே ஓட்டம். அடுத்தது தொண்ணூறு. அதற்குள் 'நூறு' ஒளிந்திருக்கிறது. எண்பத்தொன்பதுக்குப் பிறகு பிள்ளை நின்றுவிடுவதற்கும், சில பிள்ளைகள் நேராக நூறுக்குத் தாவுவதற்கும் அதுதான் காரணம். திட்டுவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஒன்பது கட்டுக் குச்சிகளைக் காட்டி, "இதற்குத் தொண்ணூறு என்று பேர், இன்னும் ஒரு கட்டு சேர்ந்தால்தான் நூறு" என்று சொல்லுங்கள்.

ஆங்கிலம் முதல் பருவத்தில் பெரும்பாலும் பாட்டும் அபிநயமும்தான். பிள்ளை பாடிக் காட்டினால் கூடச் சேர்ந்து பாடுங்கள்.

ஆறாம் படி: கேள்வியை மாற்றுங்கள்

"என்ன படித்தாய்?" என்பதற்கு ஐந்து வயதில் பதில் சொல்ல முடியாது. நாள் முழுவதையும் திரட்டி ஒரு வாக்கியமாக்குவது பெரியவர்களுக்கே கடினம். சின்னதாகக் கேளுங்கள். "இன்றைக்கு டீச்சர் சொன்ன கதையில் யார் வந்தார்கள்?" "உன் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்?" "இன்றைக்கு யார் அழுதார்கள்? ஏன்?" மூன்றாவது கேள்விக்குப் பிள்ளைகள் மிக விரிவாகப் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலுக்குள்தான் உங்கள் பிள்ளையின் பயமோ சந்தோஷமோ இருக்கும். கழிவறைக்குப் போகக் கூச்சப்பட்டு நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்த ஒரு பெண்பிள்ளையைப் பற்றி அவள் பாட்டி இப்படிக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். மறுநாள் என்னிடம் வந்து சொன்னார். மூன்றாம் வகுப்பு அக்கா ஒருத்தியைத் துணைக்கு அனுப்பத் தொடங்கினேன். இரண்டே நாளில் சரியாகிவிட்டது.

கேட்ட பிறகு பதிலைத் திருத்தாதீர்கள். கதையில் நரி வந்தது என்று பிள்ளை சொல்லி, மறுநாள் புலி என்று மாற்றினால் மாற்றட்டும்.

ஏழாம் படி: வெள்ளி மாலை கால் மணி நேரம்

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. ஆனாலும் வீட்டுப்பாடம் கேட்டு வருவது பெரும்பாலும் பெற்றோர்தான். பக்கத்துத் தெருவில் தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளை ஆறு பக்கம் எழுதுகிறான் என்பார்கள். அந்த வயதில் விரல் தசைகள் இன்னும் பலப்படவில்லை. ஆறு பக்கம் எழுதும் கை பென்சிலை இறுக்கிப் பிடித்து வலியோடு எழுதுகிறது.

அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை மாலை பயிற்சி நூலை எடுத்துப் பிள்ளையோடு உட்காருங்கள். அந்த வாரம் செய்த பக்கங்களைப் பிள்ளை புரட்டிக் காட்டட்டும். படங்களைப் பார்த்துப் பேசட்டும். தெரிந்த சொற்களைப் படிக்கட்டும். வெற்றுப் பக்கம் இருந்தால் நீங்கள் நிரப்பாதீர்கள். அம்மாவின் கையெழுத்தில் அழகாக நிரம்பிய பக்கத்தை வைத்துக்கொண்டு பிள்ளைக்கு என்ன வரவில்லை என்று எனக்குத் தெரியாமல் போகிறது. கோணலாகத் தப்பும் தவறுமாக இருக்கும் பக்கம்தான் எனக்கு வேண்டும்.

உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றால் ஒரு குறையும் இல்லை. "எனக்குப் படித்துக் காட்டு" என்று சொல்லுங்கள். தனக்குத் தெரிந்ததை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளை மிக வேகமாகக் கற்கிறது. பள்ளியிலிருந்து கதைப் புத்தகம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் வந்திருக்கின்றன. உங்கள் பள்ளியில் இருந்தால் 'நுழை' என்று போட்டிருப்பதிலிருந்து தொடங்குங்கள். புத்தகம் கிழிந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம்.

எட்டாம் படி: மதிப்பீட்டைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆண்டு மூன்று பருவங்களாகப் பிரிந்திருக்கிறது. வளரறி மதிப்பீடு பருவத்தின் நடுவே வகுப்பு நடக்கும்போதே நடப்பது. தொகுத்தறி மதிப்பீடு பருவ முடிவில் வருவது. மதிப்பீட்டு முடிவைப் பார்க்க வரும்போது மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், "எந்தச் சொல்லைப் படிக்க முடியவில்லை? எங்கே நிற்கிறான்?" என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்ல முடியாத ஆசிரியர் அடுத்த முறை பார்த்துவைத்துச் சொல்வார். நல்ல கேள்வி ஆசிரியருக்கும் உதவும்.

ஒன்பதாம் படி: விடுப்பும் சனிக்கிழமையும்

கோயில் திருவிழா, காதுகுத்து, அறுவடை என்று பிள்ளை இரண்டு நாள் வராமல் போவதைத் தவிர்க்க முடியாது. வியாழன், வெள்ளி வராமல் போனால் அந்த வாரத்து எழுத்துகளைச் சொற்களாகக் கோக்கும் நேரத்தைப் பிள்ளை இழக்கிறது. திங்களன்று புது எழுத்து வந்துவிடும். ஆகவே திரும்பி வந்த அன்று "விட்டுப்போனது என்ன?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூட இருக்கும் பிள்ளையின் பயிற்சி நூலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சில சனிக்கிழமைகள் பள்ளி வேலை நாளாக இருக்கும். சில நாட்களில் ஆசிரியர்களுக்குக் குறுவள மையத்தில், அதாவது சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் பொதுவான மையத்தில், பயிற்சி இருக்கும். வெள்ளிக்கிழமையே கேட்டு வைத்துக்கொண்டால் பூட்டிய கேட்டின் முன் வந்து நிற்க வேண்டியதில்லை.

பத்தாம் படி: பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு வாருங்கள்

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, குழு உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கழிவறைக்குத் தண்ணீர் வரவில்லை, சுற்றுச்சுவர் இடிந்திருக்கிறது, ஓர் ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறது என்பவற்றைத் தீர்மானமாக எழுதி மேலே அனுப்பும் இடம் இது. ஆசிரியர் தனியாக எழுதும் கடிதத்தைவிட இருபது பெற்றோர் கையெழுத்திட்ட தீர்மானத்துக்கு வலு அதிகம். எங்கள் பள்ளியில் குடிநீர்க் குழாய் அப்படித்தான் வந்தது. உறுப்பினராக இல்லாவிட்டாலும் கூட்ட நாளைக் கேட்டு வந்து உட்காருங்கள். பேசக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள்.

இந்த ஞாயிறு இரவு செய்ய வேண்டியது சின்ன வேலைதான். பையில் பயிற்சி நூல், தண்ணீர் பாட்டில், கூர் தீட்டிய பென்சில் ஒன்று, துடைப்பான் ஒன்று. மற்றதை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். திங்கட்கிழமை காலை உணவு நேரத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுங்கள். மாலையில் அழைத்துப் போக வரும்போது வாசலில் நின்று கேளுங்கள், "இந்த வாரம் என்ன எழுத்து?"